உடைக்காமல் சோதிக்கும் கருவிகள்: ராணிப்பேட்டை, வேலூர் பக்கம் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டிப்ளமோ முடித்த கையோடு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேரும் பிள்ளைகள் நிறையப் பேர். பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை இங்கே இருப்பதால், அதைச் சுற்றி டக்ட் (காற்றும் புகையும் போகும் தகட்டுப் பாதை), ஹாப்பர் (கூம்பு வடிவத் தொட்டி), தாங்கு சட்டங்கள் செய்து கொடுக்கும் சிறு ஷாப்கள் வளர்ந்திருக்கின்றன. இன்னொரு பக்கம் மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள்; அங்கே பாய்லர்களும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களும். இரண்டு இடத்திலும் வெல்டிங் உண்டு, குழாய் உண்டு, தொட்டி உண்டு. அவற்றை வெட்டிப் பார்க்காமல் உள்ளே என்ன குறை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என்.டி.டி. (நான்-டிஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங்) வேலை.

புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "சார், எந்த மெஷின் நல்ல மெஷின்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மூன்று விஷயங்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். என்ன உலோகம்? எந்த மாதிரிக் குறையைத் தேடுகிறோம்: கிராக்கா, துளையா, தேய்மானமா? அந்தக் குறை மேற்பரப்பில் திறந்திருக்குமா, உள்ளே ஒளிந்திருக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கருவி தானாக முடிவாகிவிடும். பதில் தெரியாமல் வாங்கிய விலை உயர்ந்த கருவி அலமாரியில்தான் கிடக்கும்.

முதலில் கண்ணும் டார்ச்சும்

எந்தக் கருவியை எடுப்பதற்கு முன்னும் ஜாப்பை, அதாவது சோதிக்கும் பொருளை, கண்ணால் பாருங்கள். இதற்கும் முறை உண்டு. கண் பரப்பிலிருந்து 600 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பார்க்கும் கோணம் 30 டிகிரிக்குக் குறையக் கூடாது. வெளிச்சம் 1000 லக்ஸாவது வேண்டும். ஷெட்டுக்குள் ட்யூப்லைட் மட்டும் இருந்தால் அந்த அளவு வராது, நல்ல எல்.இ.டி. டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன லக்ஸ் மீட்டரும் இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை.

அதோடு ஒரு வெல்டிங் கேஜ், மூலை வெல்டிங்கை அளக்கும் ஃபில்லட் கேஜ், ஸ்டீல் ஸ்கேல், வளைவுக் கண்ணாடி. செலவு சில ஆயிரம்தான். அண்டர்கட் (வெல்டிங் ஓரத்தில் விழும் பள்ளம்), மேலே தெரியும் போரோசிட்டி (சிறு துளைகள்), ஃபில்லட் அளவு குறைவு, இரண்டு பிளேட்டும் மட்டம் பொருந்தாமல் நிற்பது எல்லாம் இதிலேயே பிடிபடும். சிறு ஷாப்களில் திரும்பி வரும் ஜாப்களில் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்திலேயே நிறுத்தியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

டக்ட், ஹாப்பர் மாதிரி மெல்லிய தகட்டு ஜாப்களில் கசிவு பார்க்க நம் ஷாப்களில் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஜாயிண்ட்டின் ஒரு பக்கம் சுண்ணாம்புப் பூச்சு, மறுபக்கம் மண்ணெண்ணெய். ஓட்டை இருந்தால் வெள்ளையில் ஈரக்கறை தெரியும். எளிய முறை என்று தள்ளிவிடாதீர்கள். அந்த வேலைக்கு அது போதும்.

டிபி டெஸ்ட்: எல்லோரும் தொடங்கும் இடம்

குறைக்குள் ஊறும் சாயத்தால் பார்க்கும் டை பெனட்ரண்ட் (டிபி) சோதனைக்கு மூன்று ஸ்ப்ரே டப்பா போதும்: கிளீனர், சிவப்புப் பெனட்ரண்ட், வெள்ளை டெவலப்பர். மேற்பரப்பில் வாய் திறந்த குறையை மட்டுமே காட்டும். உள்ளே மூடியிருக்கும் குறை இதற்குத் தெரியாது.

செய்யும் வரிசை இது. ஸ்பேட்டர் (வெல்டிங்கில் தெறித்து ஒட்டிய உலோகத் துளிகள்), துரு, பெயிண்ட், எண்ணெய் எல்லாவற்றையும் எடுங்கள். மென்மையான உலோகத்தை முரட்டுத்தனமாக கிரைண்ட் செய்தால் கிராக்கின் வாய் மூடிக்கொள்ளும், கவனம். கிளீனர் அடித்துத் துடைத்து, அது முழுக்க ஆவியாகும்வரை பொறுங்கள். கிராக்குக்குள் கிளீனர் நிறைந்திருந்தால் பெனட்ரண்ட் போக இடமிருக்காது. அடுத்து பெனட்ரண்ட். வெல்டிங்குக்குக் குறைந்தது 5 நிமிடம், உருட்டிய பிளேட்டுக்கும் ஃபோர்ஜிங்குக்கும் 10 நிமிடம் ஊற விடுங்கள். டப்பாவில் அதைவிட அதிகம் போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். அதற்குள் காய்ந்துவிடக் கூடாது.

இதற்கடுத்த கட்டத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். மேலே நிற்கும் சிவப்பை எடுக்க, ஜாப் மேல் நேராகக் கிளீனரை அடிக்கவே கூடாது. அடித்தால் கிராக்குக்குள் போன சிவப்பும் கழுவிக்கொண்டு வந்துவிடும். ஜாப் சுத்தமாக இருப்பதுபோல் தெரியும். முதலில் உலர்ந்த பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். பிறகு துணியில் லேசாகக் கிளீனர் அடித்து, அந்தத் துணியால் ஒற்றி எடுங்கள். துணி ஊறிச் சொட்டக் கூடாது.

டெவலப்பரை நன்றாகக் குலுக்கி, மெல்லிய படலமாக அடியுங்கள். அடிக்க ஆரம்பித்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள், ஏனென்றால் முதலில் கிளம்பும் கோடுதான் குறையின் உண்மையான வடிவத்தைச் சொல்லும்; நேரம் போகப் போக அது பரவி மங்கிவிடும். இறுதி முடிவை டெவலப்பர் காய்ந்த பிறகு 10 நிமிடம் கழித்து, ஒரு மணி நேரத்துக்குள் எழுதுங்கள்.

இனி நம் ஊர் வெயில். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் அஸ்மி கோடில், சோதனை முறைகளைச் சொல்லும் ஐந்தாம் பிரிவின்படி இந்தச் சோதனைக்கு ஜாப்பின் வெப்பநிலை 5 முதல் 52 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டும். யார்டில் திறந்த வெளியில் கிடக்கும் பிளேட் மதியம் 52-ஐச் சுலபமாகக் கடந்துவிடும். அந்தச் சூட்டில் பெனட்ரண்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், டெவலப்பர் பொரிந்துபோகும், ரிப்போர்ட்டும் செல்லாது. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஜாப்பை முந்தின நாளே ஷெட்டுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு கான்டாக்ட் தெர்மாமீட்டர் வாங்கி, ஜாப்பின் வெப்பநிலையை ரிப்போர்ட்டில் எழுதும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அகச்சிவப்புத் துப்பாக்கி வகை தெர்மாமீட்டரைப் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் பரப்பில் நம்ப வேண்டாம், குறைத்துக் காட்டும்.

தோல் ஆலைகளில் வேலை செய்யப் போகிறவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சைத் தோலை உப்பிட்டுத்தான் பாதுகாக்கிறார்கள். அந்த உப்பு ஊறவைக்கும் தண்ணீரோடு கழிவுநீரில் வந்து சேர்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் சவ்வு வழியாக வடித்து, மிஞ்சிய உப்பு நீரை ஆவியாக்கிகளில் கொதிக்க வைக்கிறார்கள். 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இது மோசமான இடம். குளோரைடு, சூடு, வெல்டிங்கில் தங்கிய இழுவிசை மூன்றும் சேர்ந்தால் உலோகம் தேயாமலே, முன்னறிவிப்பு இல்லாமல், கிளைகிளையாக கிராக் விடும். சுவர் தடிமன் அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். காந்த சோதனையும் இந்த ஸ்டீலில் நடக்காது. வெளிப்பரப்புக்கு வந்த கிராக்கைக் காட்ட டிபி-தான் கை கொடுக்கும். வெல்டிங்கின் ஓரம், நாசில் (குழாய் வந்து இணையும் வாய்) அடி, தாங்கிகள் ஒட்டிய இடம் ஆகியவற்றை விடாமல் பாருங்கள். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வாங்கும் பெனட்ரண்டில் குளோரின், ஃப்ளோரின் அளவு கட்டுக்குள் இருக்கிறது என்ற பேட்ச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

டப்பாக்கள் எல்லாம் எளிதில் தீப்பிடிப்பவை. பக்கத்தில் கிரைண்டிங் ஓடினால் நிறுத்தச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். தொட்டிக்குள் இறங்க வேண்டியிருந்தால் கேஸ் மீட்டரால் பார்த்து, பெர்மிட் வாங்கி, வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். தோல் ஆலைக் கழிவுநீர்த் தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். கொஞ்ச நேரத்தில் மூக்கு அதன் நாற்றத்தை உணர்வதை நிறுத்திவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கியவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எம்பிஐ: கார்பன் ஸ்டீலுக்கு

எம்பிஐ என்பது காந்தத் துகள் சோதனை. காந்தம் ஒட்டும் ஸ்டீலாக இருந்தால் டிபி-யைவிட இது வேகமானது; மேற்பரப்புக்குச் சற்றே கீழே இருக்கும் கிராக்கையும் காட்டும். கையில் பிடிக்கும் யோக் (இரண்டு கால் உள்ள மின்காந்தம்), வெள்ளைப் பூச்சு, காந்தத் துகள் கலந்த கறுப்பு இங்க் போதும். தினமும் காலையில் யோக்கைத் தூக்கிப் பாருங்கள்: ஏ.சி. யோக், அன்று நீங்கள் பயன்படுத்தப்போகும் அதிகபட்சக் கால் இடைவெளியில், 4.5 கிலோ எடையைத் தூக்க வேண்டும். டி.சி. என்றால் 18 கிலோ. கால்களுக்கு இடையே 75 முதல் 200 மில்லிமீட்டர் வரை வைக்கலாம்.

கிராக் காந்தப் பாதைக்குக் குறுக்கே கிடந்தால்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் யோக்கை ஒரு முறை வைத்த பிறகு 90 டிகிரி திருப்பி மறுபடி வையுங்கள். காந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இங்க் அடிக்க வேண்டும், காந்தத்தை நிறுத்துமுன் இங்க்கை நிறுத்திவிட வேண்டும்.

தடிமனான, வலிமை கூடிய ஸ்டீலில் ஹைட்ரஜனால் வரும் கிராக் வெல்டிங் ஆறிய பிறகு மெதுவாகத் திறக்கும். அப்படிப்பட்ட ஜாப்களில் 48 மணி நேரம் கழித்துத்தான் கடைசிச் சோதனை. டெஸ்பாட்ச் அவசரத்தில் இதைச் சுருக்கச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள்.

தடிமன் அளக்கும் கருவி

சுத்திகரிப்பு நிலையம், பாய்லர், சர்க்கரை ஆலை எங்கே போனாலும் முதலில் கேட்பது அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டரைத்தான். கைக்கு அடக்கமான கருவி, ஒரு புரோப். குழாயின் வெளியே வைத்தால் உள்சுவர்வரை ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளந்து தடிமனாக மாற்றிச் சொல்லும். ஸ்டீலில் அந்த ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 5,920 மீட்டர். கருவிக்கு உண்மையில் தெரிந்தது நேரம் மட்டும்தான். வேகத்தை நீங்கள் தவறாக வைத்தால் தடிமனும் தவறாகத்தான் வரும்.

ஆகவே அளக்கப்போகும் உலோகத்திலேயே செய்த, படிப்படியாகத் தடிமன் மாறும் கட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். உங்கள் குழாயின் தடிமனுக்கு மேலே ஒரு படி, கீழே ஒரு படி என்று இரண்டு இடத்தில் சரிபார்த்த பிறகு அளக்கத் தொடங்குங்கள். நடுவிலும் முடிவிலும் மறுபடி கட்டையில் வைத்துப் பாருங்கள். கடைசியில் கட்டை தவறாகக் காட்டினால், முன்பு சரிபார்த்த நேரத்திலிருந்து எடுத்த அளவுகள் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும்.

பெயிண்ட் மேலேயே புரோப்பை வைத்து அளப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பெயிண்டில் ஒலி ஸ்டீலின் வேகத்தில் பாதிகூடப் போகாது. அரை மில்லிமீட்டர் பெயிண்ட், கருவியின் கணக்கில் ஒன்றே கால் மில்லிமீட்டர் ஸ்டீலாகச் சேர்ந்துவிடும். 6.5 மில்லிமீட்டராகத் தேய்ந்துபோன குழாய் 7.7 என்று காட்டும். ஆபத்தான குழாய் நல்ல குழாயாகிவிடும். பெயிண்டைச் சுரண்டி எடுங்கள், அல்லது எதிரொலிக்கும் அடுத்த எதிரொலிக்கும் இடைவெளியை அளக்கும் வசதி உள்ள கருவியாகப் பார்த்து வாங்குங்கள். ஓடும் பாய்லரின் சூடான குழாயிலும் இதே மாதிரி சிக்கல் உண்டு: சூடு ஏற ஏற ஒலி மெதுவாகும், தடிமன் கூடுதலாகக் காட்டும். 55 டிகிரி ஏற்றத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் என்று கணக்கில் கொள்ளலாம். சாதாரண புரோப்பைக் கொதிக்கும் குழாயில் வைத்தால் புரோப்பே போய்விடும். அதற்கென்று தனிப் புரோப்பும், ஒலி கடக்கப் பூசும் தனிக் கிரீஸும் உண்டு.

எங்கே வைப்பது? நேர்க்குழாயின் நடுவில் நான்கு அளவு எடுத்துவிட்டு வருவதால் பயனில்லை. எல்போவின் வெளிவளைவு, பம்ப்புக்கு அடுத்த துண்டு, வால்வுக்குப் பின்பக்கம், தண்ணீர் தேங்கி நிற்கும் முட்டுச்சந்துக் குழாய், படுக்கைக் குழாயின் அடிப்பாகம் இவைதான் தேயும் இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் கடிகாரத்தின் 12, 3, 6, 9 நிலைகளில் எடுங்கள். இரட்டைப் படிகப் புரோப்பாக இருந்தால் குழாயின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் திருப்பி வைத்து, குறைந்த அளவை எழுதுங்கள். இடத்தைப் பெயிண்ட் மார்க்கரால் குறித்து வரைபடத்திலும் போடுங்கள். அடுத்த முறை அதே புள்ளியில் அளந்தால்தான் தேய்மான வேகம் கிடைக்கும். 8.0 மில்லிமீட்டர் இருந்த இடம் மூன்று ஆண்டில் 7.1 ஆனால் ஆண்டுக்கு 0.3 போகிறது. அந்தக் குழாய்க்குக் குறைந்தபட்சம் 5.0 வேண்டும் என்றால் மிச்சம் ஏழு ஆண்டு. அதில் பாதிக் காலம் போவதற்குள் மறுபடி அளந்துவிடுவது நல்ல வழக்கம்.

யு.டி. மெஷின்

வெல்டிங்குக்குள் இருக்கும் ஃப்யூஷன் குறைவு (உலோகம் சரியாக உருகி ஒட்டாதது), ரூட் (வெல்டிங்கின் அடிப்பகுதி) ஊடுருவாமை, உள் கிராக் ஆகியவற்றை ஒலியால் பார்க்கும் அல்ட்ராசோனிக் டெஸ்டிங்குக்கு (யு.டி.) திரையோடு வரும் ஃப்ளா டிடெக்டர் வேண்டும். ஒலிம்பஸ், கிராட்கிரேமர் வகைகளும், அகமதாபாத்தின் மாட்சானிக் மாதிரி உள்நாட்டுத் தயாரிப்புகளும் நம் பக்கம் புழங்குகின்றன. தொடங்குபவருக்கு உள்நாட்டு மெஷினே போதும் என்பேன். பழுதானால் சீக்கிரம் சரிசெய்து வாங்கலாம்.

மெஷினோடு கட்டாயம் வாங்க வேண்டியவை: 4 மெகாஹெர்ட்ஸ் நேர்ப் புரோப் ஒன்று, 45, 60, 70 டிகிரி கோணப் புரோப்கள், மெஷினைச் சரிபார்க்க வி1 அல்லது வி2 கட்டை, கேபிள் ஒன்று உபரியாக. சிக்னல் திடீரென்று ஆடினால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

கோணப் புரோப் போடுமுன், அது நகரப்போகும் பிளேட் பரப்பை நேர்ப் புரோப்பால் ஒரு முறை தடவிப் பாருங்கள். பிளேட்டுக்குள் லேமினேஷன் (படலமாகப் பிரிந்த இடம்) இருந்தால் சாய்வாகப் போகும் ஒலி வெல்டிங்கைத் தொடாமலே திரும்பிவிடும். பிறகு கணக்கு: தடிமனை கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கினால் அரை ஸ்கிப், அதாவது ஒலி அடிப்பரப்பைத் தொடும் இடம்வரை உள்ள கிடைத்தூரம். 12 மில்லிமீட்டர் பிளேட்டில் 70 டிகிரி புரோப்புக்கு அது ஏறக்குறைய 33. ஒலி திரும்பி மேற்பரப்புக்கு வரும் முழு ஸ்கிப் 66. வெல்டிங்கின் நடுக்கோட்டிலிருந்து இந்த இரண்டு தூரத்தையும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, அதற்கிடையில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெல்டிங் முகப்பின் அகலத்தில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஸ்பேட்டர் ஒன்று இருந்தாலும் புரோப் துள்ளும். இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும்.

திரையில் எழும் ஒவ்வொரு கோபுரமும் குறையல்ல. ரூட்டின் வடிவமே எதிரொலி தரும். அதைப் பிரித்துச் சொல்லப் பழக்கம் வேண்டும். பழக ஒரே வழி, குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்த மாதிரித் துண்டுகளில் திரும்பத் திரும்பத் தேடுவதுதான். உங்கள் ஷாப் வெல்டரிடம் கேட்டு, வேண்டுமென்றே ரூட் விட்ட துண்டு ஒன்று, ஸ்லாக் (வெல்டிங் கசடு) வைத்த துண்டு ஒன்று செய்து வாங்கிக்கொள்ளுங்கள். சோதித்து எழுதிவிட்டு, அறுத்துப் பாருங்கள். வேறெந்தப் பயிற்சியும் இவ்வளவு கற்றுத்தராது.

ரேடியோகிராபி: கருவி வாங்காதீர்கள், ஏஜென்சியைக் கூப்பிடுங்கள்

கதிர்வீச்சால் வெல்டிங்கின் உள்ளே படம் எடுக்கும் இரிடியம்-192 கேமராவை யார் வேண்டுமானாலும் வாங்கி வைக்க முடியாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், பயிற்சி பெற்ற ரேடியோகிராபரும் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியும் வேண்டும். சிறு ஷாப் உரிமம் பெற்ற ஏஜென்சியைக் கூப்பிடுவதே வழி. ஆனால் அவர்கள் வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். உரிம நகல், ரேடியோகிராபரின் சான்றிதழ், அவர் மார்பில் வாங்கிய கதிர்வீச்சைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜ், கையில் ஓடும் நிலையில் சர்வே மீட்டர், அதன் கேலிபிரேஷன் தேதி. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அன்று வேலை வேண்டாம்.

ஷிப்ட் ஆட்கள் கிளம்பிய பிறகு, இரவில் எடுப்பது வழக்கம். கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து, வாட்ச்மேனுக்கும் பக்கத்து ஷாப்புக்கும் சொல்லிவிடுங்கள். தூரம் இரட்டித்தால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகிவிடும், ஆகவே கயிற்றைத் தாராளமாகத் தள்ளிக் கட்டுங்கள். இரிடியத்தின் வலிமை சுமார் 74 நாளில் பாதியாகிவிடும்; பழைய சோர்ஸ் (கதிர்வீச்சு தரும் துண்டு) கொண்டுவந்தால் ஒவ்வொரு ஃபிலிமுக்கும் நேரம் கூடும். ஃபிலிம் வந்ததும் படத்தின் தரம் காட்டும் கம்பி அளவுகோல் தெளிவாகத் தெரிகிறதா, அடர்த்தி 2 முதல் 4-க்குள் இருக்கிறதா, ஜாயிண்ட் எண் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெல்டிங்கைப் பாருங்கள். யார்டில் எப்போதாவது பளபளப்பான சிறு உலோகத் துண்டோ, வயர் வால் மாதிரி ஒன்றோ அநாதையாகக் கிடந்தால், அது கேமராவிலிருந்து தவறிய சோர்ஸாக இருக்கலாம் என்பதால், கையால் தொடாமல் விலகி, எல்லோரையும் விலக்கி, தகவல் சொல்லுங்கள்.

மற்றவை, வாங்கும் முறை

ஆவியாக்கி, கண்டென்சர் குழாய்களை எட்டி கரண்ட் (சுழல் மின்னோட்டம்) முறையில் பார்ப்பார்கள். அதற்கும் ஆள் வரவழைப்பதே நல்லது. பெயிண்ட் தடிமன் மீட்டர் மட்டும் ஷாப்பில் சொந்தமாக இருக்கட்டும், தினமும் வேலை இருக்கும்.

சொந்தமாக வாங்கும் வரிசையாக நான் சொல்வது: வெல்டிங் கேஜ்கள், டிபி டப்பாக்கள், தடிமன் மீட்டர், யோக், கடைசியில் யு.டி. மெஷின். ஒவ்வொன்றையும் உங்கள் ஜாப் மேலேயே வைத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அளக்கும் கருவிகளோடு, ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் கேலிபிரேஷன் சான்றிதழும், வரிசை எண் பொறித்த கட்டையும் சேர்ந்து வர வேண்டும். பழைய மெஷின் வாங்கினால் பேட்டரியும் புரோப்பும் புதிதாக வாங்கும் செலவைச் சேர்த்தே விலை பேசுங்கள்.

சான்றிதழ்

லெவல் 1, லெவல் 2, லெவல் 3 என்று மூன்று படிகள். தனியாகச் சோதித்து, முடிவெழுதிக் கையெழுத்துப் போட லெவல் 2 வேண்டும். அமெரிக்க என்.டி.டி. சங்கத்தின் வழிகாட்டுதலான எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறையில் டிபி-க்கு லெவல் 1-க்கு 4 மணி நேரமும் லெவல் 2-க்கு 8 மணி நேரமும் பயிற்சி, யு.டி.-க்கு இரண்டுக்கும் தலா 40 மணி நேரம். இதோடு அனுபவ நேரமும் தேர்வும் உண்டு. பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம்: இந்திய நான்-டிஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங் சங்கத்தின் தலைமையகம் சென்னையில், பெல்லின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் திருச்சியில். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு இரவே வீடு திரும்பலாம். முதலில் கண்ணால் பார்க்கும் சோதனை, டிபி, எம்பிஐ மூன்றும் முடித்து, ஓராண்டு கை பழகியபின் யு.டி. எடுங்கள். கண்பார்வைச் சோதனையை ஆண்டுதோறும் புதுப்பித்துக் கோப்பில் வையுங்கள், கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் தடையில்லை.

எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறையில் சான்றளிப்பது உங்கள் முதலாளிதான். வேலை மாறினால் அந்தச் சான்றிதழ் கூட வராது, புது இடத்தில் மறுபடி சான்றளிக்க வேண்டும். பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 9712 முறைச் சான்றிதழ் ஆளோடு போகும், ஐந்து ஆண்டு செல்லும். எந்த முறையானாலும் ஒரு ஷாப்பை விட்டுக் கிளம்பும்போது பயிற்சிச் சான்று, தேர்வு மதிப்பெண், எந்தச் சோதனையில் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்ற அனுபவக் கடிதம் மூன்றையும் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கிக்கொள்ளுங்கள்.